கொஞ்சம் மீறியவர் கட்டும் காசு

லண்டன் ஹாரோவில் இருக்கும் என் பெரியப்பா மகன் போனில் சொன்னார்: "கேமராவுல மாட்டிக்கிட்டேன்டா. கோர்ஸுக்குப் போகச் சொல்லிட்டாங்க." 30 மைல் வேகத்தில் போகவேண்டிய தெருவில் 36-ல் போயிருக்கிறார். நம் கணக்கில் 48 கிலோமீட்டருக்குப் பதில் 58. அபராதம் 100 பவுண்டு, லைசென்ஸில் 3 பாயிண்ட். அது வேண்டாமென்றால் ஏறக்குறைய அதே காசைக் கட்டிவிட்டு, கம்ப்யூட்டர் முன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பாடம் கேட்கலாம், பாயிண்ட் விழாது. அண்ணன் பாடம் கேட்கவே ஒப்புக்கொண்டார். பாயிண்ட் ஏறினால் இன்ஷூரன்ஸும் ஏறும் என்பது அங்கே கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காசு யாருக்குப் போகிறது? வேகக் கேமராக்களைப் பற்றி எழுதச் சொன்னபோது முதலில் இதைத்தான் தேடினேன். தேடத் தேட, கேமராவைவிட அதற்குப் பின்னால் இருக்கும் கல்லாப்பெட்டிதான் பெரிய கதையாக இருந்தது.

பிரிட்டனில் 1992-ல் மேற்கு லண்டன் சாலைகளில் இந்தக் கேமராக்கள் வந்தன. அப்போது ஃபிலிம் சுருள். சுருளை மாற்றுவது, கழுவுவது, நோட்டீஸ் அனுப்புவது என்று எல்லாச் செலவும் காவல்துறை, உள்ளாட்சி தலையில். அபராதமோ நேராக அரசுக் கஜானாவுக்கு. எனவே ஊரெங்கும் பெட்டிகள் நின்றன, பலவற்றுக்குள் கேமரா இல்லை.

இதைச் சரிசெய்ய 2000 ஏப்ரலில் எட்டுப் பகுதிகளில் ஒரு புது ஏற்பாட்டைச் சோதித்தார்கள். அபராதத்திலிருந்து கேமராச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கஜானாவில் கட்டினால் போதும். 2001-ல் அதற்குச் சட்டமே வந்து, திட்டம் நாடெங்கும் பரவியது. கூடவே "இது சாலைப் பாதுகாப்பா, வழிப்பறியா?" என்ற கோபமும் பரவியது. கோபத்தைத் தணிக்கக் கேமராப் பெட்டிகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசினார்கள். 40 மைல் வரை அனுமதியுள்ள சாலையில் பெட்டி 60 மீட்டர் தொலைவிலிருந்தே தெரியவேண்டும் என்றார்கள். அதைவிட முக்கியமாக இன்னொரு விதி: ஒரு கிலோமீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில், உயிர்ச்சேதமோ படுகாயமோ நேர்ந்த விபத்து குறைந்தது நான்கு நடந்திருந்தால்தான் அங்கே நிரந்தரக் கேமரா. விதிவிலக்குக்குக் கொஞ்சம் இடமிருந்தது. பொது விதி இதுதான்.

இதைப் படித்தபோது மனம் கனத்தது. பள்ளிக்கூட வாசலில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தினமும் சாலையைக் கடக்கப் பயப்படும் தாய், நாலாவது விபத்துக்காகவா காத்திருப்பாள்? அபராதப் பணத்தில் ஓடும் திட்டம் என்பதால்தான் இவ்வளவு கறாரான விதி தேவைப்பட்டது. வரிப்பணத்தில் ஓடியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ரத்தக் கணக்குக் காட்டவேண்டிய அவசியமும் இருந்திருக்காது.

அந்த விதி வேறொன்றையும் கெடுத்தது. 2005-ல் வந்த நான்காண்டு ஆய்வு, கேமரா வைத்த இடங்களில் உயிரிழப்பும் படுகாயமும் 42% குறைந்ததாகச் சொன்னது. ஆனால் மோசமான மூன்று ஆண்டுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடத்தில் அடுத்த ஆண்டுகள் கேமரா இல்லாமலேகூடக் கொஞ்சம் மேம்படும். அந்தக் குறைவில் நல்ல பங்கு இப்படி வந்தது என்று அதே அறிக்கையின் பின்னிணைப்பே காட்டியது. எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். கேமரா உயிரைக் காப்பாற்றுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை நிரூபிக்கும் கணக்கை, பணம் வந்த வழியே கலங்கடித்துவிட்டது.

2007 மார்ச்சோடு ஏற்பாடு முடிந்தது. அபராதம் மறுபடி கஜானாவுக்கு. உள்ளாட்சிகளுக்குச் சாலைப் பாதுகாப்பு மானியம். 2010-ல் சிக்கன நடவடிக்கை வந்து அந்த மானியத்தை வெட்டியது. எட்டுச் சோதனைப் பகுதிகளில் ஒன்றில் அடங்கியிருந்த ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், 2010 ஆகஸ்டிலிருந்து 72 நிரந்தரக் கேமராக்களும் கண்மூடின. அடுத்த ஆறு மாதத்தில் அந்தக் கவுன்டியின் சாலைகளில் 18 பேர் இறந்தார்கள். முந்தைய ஆண்டின் அதே மாதங்களில் 12 பேர். சின்ன எண்கள்தான், எல்லாப் பழியையும் கேமரா மேல் போட முடியாது. ஆனால் 2011 ஏப்ரலில் அதே கேமராக்களை மறுபடி போட்டுவிட்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது? அண்ணன் உட்கார்ந்த அந்தப் பாடத்தின் கட்டணத்திலிருந்து.

முன்வாசலில் சாத்திய கதவு பின்வாசலில் திறந்தது. இன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் இந்தப் பாடத்துக்குப் போகிறார்கள். கட்டணத்தில் ஒரு பங்கு காவல்துறையின் செலவுக்கு ஈடாகப் போகிறது. பாடம் கேட்டவர்கள் அபராதம் கட்டியவர்களைவிடக் குறைவாகவே மறுபடி மாட்டுகிறார்கள் என்று 2018-ல் அரசு செய்வித்த ஆய்வு சொல்கிறது. தப்பு செய்தவரே செலவை ஏற்கட்டும் என்பதும் நியாயமான பேச்சுதான்.

என் கவலை வேறு. 30 மைல் தெருவில் 35 முதல் 42 வரை போனவருக்குத்தான் பாடம். 43-ஐத் தொட்டால் அபராதம். 50-ஐத் தொட்டால் வழக்கமாகக் கோர்ட். அந்த இரண்டு பணமும் கஜானாவுக்கே. அதாவது மீறுபவர்கள் கட்டுவதில் கேமராவை நடத்தத் திரும்பிவரும் காசு கொஞ்சமாக மீறுபவரிடமிருந்து மட்டும் வருகிறது. நடுத்தெருவில் 60 மைலில் பறப்பவரால் கேமராத் திட்டத்துக்கு ஒரு பைசா வரவில்லை. அவரைத் துரத்திப் பிடிக்கச் சாலையில் ரோந்து கார் வேண்டும்; அதற்கான செலவோ 2013-க்கும் 2020-க்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது. காவல்துறையைத் தணிக்கை செய்து 2020-ல் வெளிவந்த அரசு அறிக்கை இதைச் சொல்லிவிட்டு, கேமரா வேன்கள் ஆபத்தைப் பார்த்து நிற்கின்றனவா, வருமானத்தைப் பார்த்து நிற்கின்றனவா என்ற பேச்சு சில இடங்களில் காவலர்களிடமே இருந்ததையும் பதிவு செய்தது.

இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. மானியம் வறண்டால், காசு சுரக்கும் இடத்தில்தான் வாளியை வைப்பார்கள். எல்லோரும் ஒழுங்காக 30-ல் போக ஆரம்பித்தால் பாடத்துக்கு ஆள் குறையும், கேமராவுக்குப் பணம் குறையும். உயிர்காக்கும் கருவி ஒன்று, மக்கள் திருந்தினால் பட்டினி கிடக்கும்படி அமைந்திருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. அதன் செலவு பொது வரியிலிருந்து வரட்டும்; அபராதம், பாடக் கட்டணம் எல்லாம் பொதுக் கணக்கில் சேரட்டும்.

பாடம் முடிந்த அன்று மாலை அண்ணனிடம் கேட்டேன், கூட இருந்தவர்கள் எப்படி என்று. ஒரு நர்ஸ், ஒரு டெலிவரி டிரைவர், பேத்தியைப் பள்ளியில் விடப் போன ஒரு பாட்டி. "எல்லாரும் அஞ்சாறு மைல் கூடப் போனவங்கதாண்டா," என்றார். "எங்க தெருவுல ராத்திரியில ஒருத்தன் உறுமிக்கிட்டுப் போவானே, அவன் அங்க இல்ல."