அறிவியலா, கலையா? இரண்டையும் சேர்த்துக் கேட்கும் ஓர் ஆய்வு உதவித்தொகை

படிவம் மூன்று முடிந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "பிள்ளை அறிவியலா, கலையா?" என்பதுதான். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அறிவியல், மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குக் கலை என்பது நாம் பழகிப்போன கணக்கு. மலேசியாவில் 2020 முதல் படிவம் நான்கில் அந்தப் பிரிவு முறை நீங்கி, பாடத் தொகுப்பு முறை வந்துவிட்டது. ஆனால், நம் மனத்தில் போட்ட கோடு இன்னும் அழியவில்லை.

உலகின் மிக உயர்ந்த ஆய்வு உதவித்தொகைகளுள் ஒன்று அந்தக் கோட்டை அழிப்பதற்கென்றே தொடங்கப்பட்டது. அதன் பெயர் 'சமுதாயத்தில் அறிவியல் - பிராங்கோ வைஸ் ஃபெல்லோஷிப்'.

யார் இந்த பிராங்கோ வைஸ்?

இவர் 1929-இல் ஸாக்ரெப் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், தாயுடன் தப்பி அகதியாகச் சுவிட்சர்லாந்து வந்தார். சூரிக் நகரின் புகழ்பெற்ற ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, பின்னர் பெரிய தொழிலதிபரானார். அறிவியல் எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும், அது மனிதர் வாழ்க்கையை என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்று எண்ணினார். அதற்காக 2002-இல் தம் சொந்தப் பணத்தில் இந்த உதவித்தொகையை ஏற்படுத்தினார். 2010-இல் அவர் மறைந்தார். ஈடிஎச் பல்கலைக்கழகம் இன்றும் இதை நடத்தி வருகிறது.

எப்படிச் செயல்படுகிறது?

இது முனைவர் பட்டம் பெற்று அதிக ஆண்டுகள் ஆகாத இளம் ஆய்வாளர்களுக்கானது. தேர்வு பெறுபவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை பணம் கிடைக்கும். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். சுவிட்சர்லாந்தில்தான் தங்க வேண்டும் என்பதில்லை. உலகில் எந்த ஆய்வு நிலையம் இடம் கொடுக்கிறதோ, அங்கேயே ஆய்வைச் செய்யலாம்.

ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. ஆய்வு புதிய பாதையில் போக வேண்டும். சமுதாயத்துக்கு அதனால் என்ன என்ற கேள்விக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். சோதனைக்கூடத்தோடு நின்றுவிடும் ஆய்வுக்கு இங்கே வரவேற்பு குறைவு.

நம் தோட்டத்து உதாரணம்

இப்படிப்பட்ட ஆய்வு ஏன் தேவை என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் புரியும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். முதுகில் டப்பாவைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பலர் நம் தாய்மார்கள். இந்த நஞ்சு உடலுக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. இதைச் சொல்ல வேதியியலும் மருத்துவமும் போதும்.

ஆனால், கையுறையும் முகமூடியும் கொடுத்தும் ஏன் பலர் கழற்றி வைத்தார்கள்? வெயிலில் மூச்சு முட்டியதாலா? டப்பாவில் எழுதியிருந்தது புரியவில்லையா? உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும் என்ற பயமா? இதற்குச் சோதனைக்குழாயில் பதில் இல்லை. அந்தப் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் மொழியில் பேசிக் கேட்க வேண்டும். அது மானிடவியலும் மொழியும் வரலாறும் அறிந்தவரின் வேலை.

சுவிட்சர்லாந்து 1989-லேயே பாராகுவாட்டைத் தடை செய்தது. மலேசியா 2002-இல் தடை விதித்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுமையாக நிறுத்தியது. நஞ்சு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். முடிவுக்கு வந்த காலம்தான் வேறு. ஏன் வேறு என்பதை விளக்க இரண்டு அறிவும் வேண்டும்.

பழைய கவலை

இந்தப் பிளவு பற்றிய கவலை புதிதன்று. அறிவியலாளரும் நாவலாசிரியருமான சி.பி. ஸ்னோ, 1959-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய 'இரு பண்பாடுகள்' என்ற உரையில், இலக்கியம் படித்தவர்களும் அறிவியல் படித்தவர்களும் ஒருவரோடு ஒருவர் பேச முடியாத நிலைக்கு வந்துவிட்டதாக எச்சரித்தார்.

நம் பக்கத்திலும் மாற்றம் தெரிகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2021-இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய மானுடவியல், அறிவியல் கல்லூரியில் இரு துறை மாணவர்களும் பொதுவான பாடங்களைச் சேர்ந்தே படிக்கிறார்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

முனைவர் பட்டம் வரை போவது நீண்ட பாதை. எல்லாப் பிள்ளைகளும் போகப் போவதில்லை. ஆனால், பாதையை நாமே தொடக்கத்தில் அடைத்துவிடக் கூடாது. அறிவியல் படிக்கும் பிள்ளை எஸ்பிஎம் தேர்வில் தமிழ் மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுக்க விரும்பினால், "நேரம் வீண்" என்று தடுக்காதீர்கள். கதை எழுதும் பிள்ளைக்கு உயிரியலில் ஆர்வம் இருந்தால், "உனக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள்.

தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து பால்மரக் காட்டு வேலையைப் பற்றிக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அந்த வேலை அவர்கள் உடம்பை என்ன செய்தது என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஆய்வு என்பது அந்த இரண்டு கேள்விகளில்தான் தொடங்குகிறது. தமிழில் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கே அங்கு முழுப் பதில் கிடைக்கும்.