படர்தாமரையின் ஓரம்

இடுப்பில் நாடா இறுக்கும் இடத்தில், வியர்வை தங்கும் மடிப்பில், முதலில் ஒரு சிவந்த பொட்டு. சில நாளில் ஒரு ரூபாய்க் காசளவு, பிறகு வளையல் அளவு. அருகே வைத்துப் பார்த்தால் ஓரம் மட்டும் மேடிட்டு, பொடிப்பொடிக் கொப்புளங்களோடு செதில் உதிர்க்கும். நடுவில் தோல் ஏறக்குறைய ஆறியிருக்கும். இதற்குப் படர்தாமரை என்று பெயர் வைத்தவர் யாரோ, படர்வதைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

ஏன் வட்டம்? இதை உண்டாக்கும் பூஞ்சையின் உணவு கெரட்டின். நம் மேல்தோலின் செத்த அடுக்கில் இருக்கும் புரதம் அது. பூஞ்சை அதைக் கரைத்துத் தின்று எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் நகர்கிறது. அதன் கழிவு கீழே கசிந்ததும் உடல் விழித்துக்கொள்கிறது. இரத்தம் பாய்கிறது, அரிக்கிறது, தோல் வேகமாக உரிந்து பூஞ்சையையும் சேர்த்து உதறுகிறது. நடுப்பகுதி தெளிவது அதனால்தான். சண்டை இப்போது ஓரத்தில். மருத்துவர் சுரண்டி எடுப்பதும் அந்த ஓரத்தைத்தான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் தோல் கரைந்து, நுண்ணோக்கியில் பூஞ்சையின் கிளைவிட்ட இழைகள் தெளிந்து தெரியும்.

படரும் திட்டெல்லாம் இதுவல்ல. தேமல், எல்லார் தோலிலும் குடியிருக்கும் ஓர் ஈஸ்ட் மிகுவதால் வருவது. அது போன பிறகும் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். வெண்புள்ளி தொற்றவே தொற்றாது. நிறமிச் செல்களை உடலே அழிப்பதால் வருவது. தொட்டால் உணர்வே இல்லாத வெளிறிய திட்டு என்றால் தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் அதற்கு மாத்திரை இலவசம், தாமதிக்கக் கூடாது.

படர்தாமரைக்கு வருவோம். மருந்துக்கடையில் அரிப்பு என்று சொல்லி வாங்கும் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். அடங்கியது பூஞ்சை அல்ல, அதோடு சண்டையிட்ட நம் உடல். எதிர்ப்பில்லாத பூஞ்சை வட்டத்துக்குள் வட்டமாகப் பரவும், உருவம் கலைந்து மருத்துவரையே குழப்பும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதற்குள் வேறொரு தொல்லையும் தலைதூக்கியிருந்தது. இந்தியாவில் பெருகிய ஒரு பூஞ்சையினத்துக்கு 2020-இல் டிரைக்கோஃபைட்டன் இன்டோடினியே என்று நம் நாட்டின் பெயரையே சேர்த்துச் சூட்டினார்கள். பூஞ்சையின் செல் உறைக்கு வேண்டிய ஒரு நொதியை முடக்குவதுதான், படர்தாமரைக்குத் தரும் டெர்பினாஃபின் மருந்தின் வேலை. இந்த இனத்தில் பலவற்றுக்கு அந்த நொதியே உருமாறிவிட்டது, மருந்து அதில் ஒட்டுவதில்லை. அப்போது இட்ராகோனசோல் போன்ற வேறு மருந்து, அதுவும் வாரக்கணக்கில் வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் ஒன்றாகச் சிகிச்சை பெறாவிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

வீட்டில் இருக்கும் கிரீம் குழாயை எடுத்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஸ்டீராய்டின் பெயர் அச்சிட்டிருந்தால் படர்தாமரைமேல் தடவாதீர்கள். ஏற்கெனவே தடவியிருந்தால், தோல் மருத்துவரிடம் அந்தக் குழாயையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.