ஒடியற்கூழ்: சொல்லும் உணவும்

'கூழ்' என்னும் சொல் இந்நாளில் தவச மாவைக் கரைத்துக் காய்ச்சிய எளிய உணவையே பெரும்பாலும் குறிக்கின்றது. பண்டை வழக்கு இதனினும் விரிந்தது. திருக்குறளின் 381ஆம் குறள் அரசனுக்குரிய ஆறனுள் ஒன்றாகக் கூழைக் கூறுகின்றது. ஆண்டுப் பரிமேலழகர் உணவிற்கு ஏதுவாகிய பொருளையே அச்சொல்லாற் கொண்டார். இங்ஙனம் விரிந்து நின்ற சொல் பின்னர் ஒருவகை உணவளவிற் சுருங்கிற்று. யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ் அச்சுருக்கத்துள் அடங்காதது என்பதை ஈண்டுக் காண்போம்.

பனங்கொட்டையை மண்ணில் இட்டு முளைக்கவிட்டுப் பெறுவது பனங்கிழங்கு. அதனைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தியது ஒடியல். அவித்து உலர்த்தியது புழுக்கொடியல். கூழுக்குரியது முன்னதன் மாவே. அம்மாவை நீரில் ஊறவைத்துத் தெளிந்த நீரை வடித்துக் கசப்பைப் போக்குவர். மீன், நண்டு, இறால் ஆகியவற்றோடு பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, சிறிது அரிசி முதலியன வெந்தபின், அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கூட்டுவர். இறுதியிற் கரைத்து ஊற்றும் மா, வெப்பத்தால் நீரை ஏற்று வீங்குதலின், குழம்பு தடிக்கின்றது.

ஒடியல் மாவில் மாப்பொருளும் நாரும் மிகுதி, புரதம் குறைவு. அக்குறையை மீனும் நண்டும் நிரப்புகின்றன. முருங்கையிலை சுண்ணாம்புச் சத்தையும், உயிர்ச்சத்து 'ஏ' ஆக மாறும் கரோட்டினையும் தருகின்றது. ஆகவே, ஒரு கலத்திலேயே நிறைவுணவு அமைகின்றது எனலாம்.

இவ்வமைப்பிற்கு நிலமே காரணம். யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் வற்றாத ஆறு இல்லை. நெல் மாரிமழையை நம்பியது. உலர்த்திச் சேமிக்கத்தக்க ஒடியல் நெல்லின் குறையை ஈடுசெய்தது. சூழ்ந்த கடல் மீனை அளித்தது. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஆதலின், கூழின் இன்றைய சேர்க்கை முழுமையும் மிகப் பழமையானது என்றல் பொருந்தாது; உள்ளூர்ப் பனை மாவே வந்த பொருள்களையும் தன்னுள் ஏற்றுக்கொண்டது என்க. உற்றார் ஒருங்கிருந்து பனையோலைப் பிளாவில் இதனைப் பருகுவர். உணவிற்கேயன்றிக் கலத்திற்கும் பனையே முதலாயிற்று.

ஒடியல், புழுக்கொடியல், பிளா என்பன செய்முறையையும் பயன்பாட்டையும் நுட்பமாக வேறுபடுத்தும் சொற்கள். 'கூழ்' என்பதற்குக் கஞ்சி போன்றது என்று மட்டும் பொருள் எழுதின், கடலும் பனையும் கூடிய இவ்வுணவு அகராதிக்குப் புறம்பாய்விடும். வட்டார வழக்கைத் தொகுப்போர் சொல்லின் பொருளோடு செய்முறையையும் உடன் குறித்தல் இன்றியமையாதது.