மார்பகத்தில் தடுக்கும் மாத்திரை, கருப்பையில் தூண்டுவது ஏன்?

அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று இருக்கிறது. டாக்டர் டாமாக்சிஃபென் மாத்திரை எழுதித் தருகிறார். "அஞ்சு வருஷம் விடாம சாப்பிடணும்" என்கிறார். வீட்டுக்கு வந்து கூகுளில் தேடினால், 'கருப்பைப் புற்றுநோய் வரலாம்' என்ற எச்சரிக்கை கண்ணில் படுகிறது. என்னடா இது, புற்றுநோய்க்குத் தரும் மாத்திரையே இன்னொரு புற்றுநோயைத் தருமா? பேசாமல் நிறுத்திவிடலாமா?

கூடாது. காரணம் இதுதான்.

ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால்?

ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம். புற்றுநோய் செல்களில் இது இருந்தால், அந்த ஹார்மோன்தான் கட்டியின் வளர்ச்சிக்குத் தீனி போடுகிறது என்று அர்த்தம். மார்பகப் புற்றுநோய்களில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த வகைதான்.

ரிசப்டரை ஒரு பூட்டாகவும் ஹார்மோனைச் சாவியாகவும் சொல்வார்கள். ஆனால், பூட்டு திறந்தால் மட்டும் போதாதே! கனமான கதவைத் தள்ள ஆள் வேண்டும்.

யார் அந்த ஆட்கள்?

ரிசப்டருடன் சேர்ந்து வேலை செய்யும் கூட்டாளிப் புரதங்கள். இதில் இரண்டு கோஷ்டி. 'கோ-ஆக்டிவேட்டர்' கதவைத் தள்ளித் திறக்கும். செல்லைப் பெருகச் சொல்லும் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். 'கோ-ரெப்ரசர்' கதவை இழுத்துச் சாத்தும்.

ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டியதும் ரிசப்டரின் வடிவம் மாறுகிறது. தள்ளுபவர்கள் கைவைக்க ஒரு பிடி கிடைக்கிறது. டாமாக்சிஃபெனும் அதே இடத்தில்தான் போய் உட்காரும். ஆனால், அந்தப் பிடியை மறைத்துவிடும். மார்பக செல்லில் சாத்துபவர்கள் கை ஓங்குகிறது. கதவு மூடியே இருக்கிறது.

கருப்பையில் மட்டும் ஏன் வேறு மாதிரி?

ரிசப்டர் அதேதான், மாத்திரையும் அதேதான். கூட்டாளிகள்தான் வேறு! 2002-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். கருப்பையின் உட்சுவர் செல்களில் எஸ்.ஆர்.சி.-1 என்ற கோ-ஆக்டிவேட்டர் அதிகம். பிடி மறைந்திருந்தாலும் சில மரபணுக்களில் அது கதவைத் திறந்துவிடுகிறது.

மார்பகத்திலும் இந்த ஆட்டம் மாறலாம். 1997-ல் கண்டறியப்பட்ட ஏ.ஐ.பி.-1 என்ற கோ-ஆக்டிவேட்டரின் மரபணு, சில மார்பகக் கட்டிகளில் பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. தள்ளுபவர்கள் கூடிப்போனால் மாத்திரையின் பிடி தளரலாம். சிலருக்கு டாமாக்சிஃபென் வேலை செய்யாமல் போக இதுவும் ஒரு காரணம்.

அப்போ மாத்திரை?

கணக்கு தெளிவாக இருக்கிறது. ஈ.ஆர். பாசிட்டிவ் உள்ளவர்கள் ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டால், மார்பகப் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கருப்பைப் புற்றுநோய் அபாயமோ, ஆயிரம் பேர் சாப்பிட்டால் ஆண்டுக்கு இரண்டு, மூன்று பேர் என்ற அளவில்தான். அதுவும் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு.

எனவே, ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு துளி ரத்தம் பட்டாலும், 'சும்மா சூடு' என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். மாத்திரையை மாற்றுவதா, நிறுத்துவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். கூகுள் வேண்டாம்.