கடலுயிர்க் கல்வியும் இணையத் தளங்களும்

பஸ்ராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255-இல் (கி.பி. 869) மறைந்த அறிஞர் ஜாஹிஸ், 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில் யானை முதல் ஈ வரை விரித்துரைத்தவர். ஆயினும் நீர்வாழ் உயிர்களுக்கெனத் தனி இயல் வகுக்க அவர் முன்வரவில்லை. அவை பற்றிக் கிடைத்தவற்றுள் பெரும்பகுதி கடலோடிகளின் வாய்மொழி. அவர்களோ சொல்லை அளந்து பேசுவோர் அல்லர் என்பது அவர் காட்டிய காரணம்.

இன்று செய்திக்குக் குறைவில்லை. கைப்பேசியைத் திறந்தால் திமிங்கிலமும் பவளப்பாறையும் வந்து குவிகின்றன. ஆனால் யார் கண்டார், எங்கே, எப்போது என்னும் ஐயம் தீர்ந்தபாடில்லை. இதற்கு விடை கூறும் தளங்களையே கல்விக்குரியவை எனக் கொள்ளுதல் தகும்.

2000 முதல் 2010 வரை நடந்த உலகக் கடலுயிர்க் கணக்கெடுப்பின் வழியே வளர்ந்தது 'ஓபிஸ்' என்னும் தரவுத்தளம். இப்போது யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் அதனைப் பேணுகிறது. உயிரின் பெயர், கண்ட இடம், காலம், தகவல் தந்த நிறுவனம் ஆகியன அதில் பதிவாகின்றன. நபிமொழிக் கலை பயின்றோர் இதில் அறிவிப்பாளர் வரிசையின் சாயலைக் காணலாம். முழு ஒப்புமை என்று சொல்லமாட்டேன். அறிவிப்பாளரின் நினைவாற்றலையும் நேர்மையையும் தனித்தனியே எடைபோடும் துறை இங்கு இல்லை. மேலும், வரைபடத்தில் ஓரிடம் வெறுமையாக இருப்பது, அங்கே உயிர் இல்லை என்பதற்குச் சான்றாகாது. எவரும் பதியவில்லை என்பதே அதன் பொருள்.

ஓர் உயிரைக் கொண்டு இதனை நோக்குவோம். பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் கடற்பசுவை நம் மீனவர் ஆவுளியா என்பர், அரபியில் அதூம். 'கடற்பசு' என்று தேடுவோருக்கு அமெரிக்கக் கரையின் மானட்டியின் படமும் வந்து சேரும். மானட்டியின் வால் துடுப்புப் போல் வட்டமானது. நம் கடற்பசுவின் வாலோ திமிங்கிலத்தினுடையதைப் போலப் பிளவுபட்டது. மானட்டி இந்தியப் பெருங்கடலில் வாழ்வதே இல்லை. 'டியூகாங் டியூகான்' என்னும் அறிவியற் பெயரை அறிந்தவருக்கு இக்குழப்பம் நேராது. பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் நகரிலிருந்து பேணப்படும் 'வோர்ம்ஸ்' பதிவேடு, எப்பெயர் ஏற்கப்பட்டது, எவை அதன் பழம்பெயர்கள் என்பதைக் காட்டும். மாணவர் முதலில் தட்டவேண்டிய கதவு இதுவே.

பெயர் கைவந்தபின் மற்றவை எளிது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியல், கடற்பசுவை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களுள் வைத்துள்ளது. காரணமும் அங்கேயே விளங்கும். அது ஓராண்டுக்கு மேல் கருவுற்றிருந்து பெரும்பாலும் ஒரே கன்றை ஈனும். அடுத்த ஈற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். எனவே வலையில் சிக்கிச் சில மடிந்தாலும் அவ்விழப்பு எளிதில் ஈடாவதில்லை. அதன் உணவு கடற்புல். புல்வெளி அழிந்தால் அதற்கு வாழ்வில்லை. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தமைக்கு இவையே பின்னணி. 1947-இல் நிறுவப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் ஆய்வேடுகளைக் கட்டணமின்றி இணையத்தில் வழங்குகிறது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகள் குறித்து ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை வெளியிட்ட ஐந்து தொகுதிகள் போன்ற பழைய நூல்களும் இணைய நூலகங்களில் கிடைக்கின்றன.

இத்தளங்களில் நம் மொழியின் நிலை மெலிந்தே காணப்படுகிறது. 1996 முதல் இணையத்தில் இயங்கும் 'ஃபிஷ்பேஸ்' 35,000-க்கு மேற்பட்ட மீனினங்களையும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வழக்குப் பெயர்களையும் தாங்கியுள்ளது. தமிழ்ப் பெயர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் ரோமன் எழுத்தில். லகர, ளகர, ழகர வேறுபாடு அங்கே மறைவதால், அறியாதவர் வாளையை வாழை என்றும் படிக்கக்கூடும்! கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கடலோடு வாழ்ந்த முதியோர் மீனுக்கும் சங்குக்கும் நீரோட்டத்துக்கும் வழங்கிய பெயர்களுள் பல எந்த ஏட்டிலும் ஏறாதவை. தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளித்தது 1961-இல். அதில் மூழ்கியோருள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அரபிக் கல்லூரி மாணவர் தம் ஊர்ப் பெரியவரிடம் அமர்ந்து, பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, சொன்னவர் யார், எந்தத் துறை, எந்த மாதத்தில் அம்மீன் வரும் என்பனவற்றையும், இயன்றால் ஒரு படத்தையும் சேர்ப்பாராயின், அறிவியற் பெயரைப் பின்னர் வல்லுநர் பொருத்திக்கொள்வர்.