மருத்துவக் கோப்பை இயந்திரம் படிக்கலாம், பொறுப்பு யாருடையது?

பிரசவத்தின்போது ஏற்பட்ட தாமதத்தால் குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது என்று ஒரு மலேசியக் குடும்பம் வழக்குத் தொடுக்க எண்ணுகிறது என வைத்துக்கொள்வோம். மருத்துவமனையிலிருந்து அவர்கள் கைக்கு வருவது ஒரு கட்டுக் காகிதம். மருத்துவர் எழுதிய குறிப்பு, தாதியர் அறிக்கை, மருந்து அட்டவணை, இரத்தப் பரிசோதனை முடிவு, வயிற்றிலிருந்த குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டும் சிடிஜி தாள் என எல்லாம் கலந்து கிடக்கும். குழந்தை பல வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருந்தால் பக்கங்கள் ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. எத்தனை மணிக்கு எது நடந்தது என்று வரிசைப்படுத்திய பிறகுதான், வழக்குக்கு இடம் இருக்கிறதா என்றே சொல்ல முடியும்.

காலமும் காத்திருக்காது. அரசாங்க மருத்துவமனை மீதான வழக்கை, 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதத்துக்குள் தொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் உடற்காய வழக்குகளுக்குப் பொதுவாக 3 ஆண்டு. துக்கத்திலிருந்து மீண்டு, பணம் புரட்டி, கோப்பு கேட்டு வாங்குவதற்குள் பாதிக் காலம் ஓடிவிடுகிறது. அதன் பிறகு நிபுணர் ஒருவர் கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால், அந்த நேரத்துக்கும் கட்டணம் உண்டு.

செயற்கை நுண்ணறிவு உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான். ஸ்கேன் செய்த தாளிலுள்ள எழுத்தை அது கணினி எழுத்தாக மாற்றுகிறது. தேதி, நேரப்படி அடுக்குகிறது. இருமுறை நகலெடுத்த பக்கங்களை ஒதுக்குகிறது. "இரத்த அழுத்தம் எப்போது ஏறத் தொடங்கியது?" என்று கேட்டால், தொடர்புடைய பக்கங்களை எடுத்துக் காட்டுகிறது. சில வாரம் பிடித்த வேலைக்குச் சில மணி நேரத்தில் முதல் வரைவு கிடைக்கிறது. வசதி குறைந்த குடும்பத்துக்கு இது சிறிய உதவியல்ல. மருத்துவமனையின் சார்பில் வாதாடும் வழக்கறிஞருக்கும் இதே வசதி உண்டு. குற்றமற்ற மருத்துவரின் பெயரைக் காப்பாற்றவும் அது பயன்படும்.

ஆனால், மருத்துவக் கோப்பு கதைப் புத்தகம் அல்ல. (மருத்துவர் கையெழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் எப்படியோ புரிந்துவிடுகிறது.) "எம்.எஸ்." என்ற இரண்டு எழுத்தையே எடுத்துக்கொள்ளலாம். இதய நோயாளியின் கோப்பில் அது வால்வுச் சுருக்கம். நரம்பு மருத்துவரிடம் வேறொரு நோய். மருந்துச் சீட்டில் மார்ஃபினாகவும் இருக்கலாம், மெக்னீசியம் சல்பேட்டாகவும் இருக்கலாம். இயந்திரம் தவறான பொருளைத் தேர்ந்தாலும் தயங்காமல் எழுதிவிடும்.

இன்னொரு சிக்கல், கணினிக் கோப்புகளில் முதல் நாள் குறிப்பை மறுநாளும் அப்படியே ஒட்டிவிடும் பழக்கம். பத்து நாளும் ஒரே வாக்கியம் இருந்தால், அது பத்து முறை பரிசோதித்ததற்குச் சான்றாகாது. அனுபவமுள்ள தாதி ஒரு பார்வையில் கண்டுகொள்வார். இயந்திரமோ அதை உறுதியான தகவல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது, எழுதப்படாததைப் படிப்பது. சிடிஜி தாளில் இதயத்துடிப்பு விடியற்காலை 2 மணிக்கே இறங்கியிருக்கிறது. தாதியின் அடுத்த குறிப்பு 3.15க்குத்தான் வருகிறது என்றால், வழக்கே அந்த ஒன்றேகால் மணி நேர வெற்றிடத்தில்தான் இருக்கிறது. சுருக்கம் எழுதும் கருவி இருப்பதைச் சுருக்கும். இல்லாததைத் தேடச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

ஒப்புதல் படிவமும் அப்படித்தான். சிகிச்சையின் ஆபத்துகளை நோயாளியிடம் எடுத்துச் சொல்லும் கடமையை மருத்துவர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. படிவத்தில் கையொப்பம் இருப்பதை இயந்திரம் கண்டுபிடிக்கும். அந்தத் தாய்க்குப் புரியும் மொழியில் யாராவது விளக்கினார்களா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இல்லாததைச் சேர்க்கும் குணமும் இயந்திரத்துக்கு உண்டு. செயற்கை நுண்ணறிவு கற்பனையாக உருவாக்கிய வழக்கு ஒன்றை மேற்கோள் காட்டியதற்காக, 2025இல் சிங்கப்பூர் வழக்கறிஞர் ஒருவர் எதிர்த்தரப்புக்குச் சொந்தப் பணத்தில் 800 வெள்ளி செலவுத்தொகை கொடுக்க நேர்ந்தது. அங்கே 2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள நீதிமன்ற வழிகாட்டி இக்கருவிகளைத் தடுக்கவில்லை. தாக்கல் செய்யும் ஒவ்வொன்றுக்கும் தாக்கல் செய்தவரே பொறுப்பு என்கிறது. சாட்சியத்தை இயந்திரத்தைக் கொண்டு உருவாக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இல்லாத வழக்கை எதிர்த்தரப்பு தேடிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். மருத்துவ வரிசையில் நுழைந்த ஒரு பொய் நேரத்தைக் கண்டுபிடிக்க, மூலப் பக்கத்தைத் திறந்தால்தான் உண்டு.

ஆகவே வழக்கறிஞரிடம் குடும்பத்தினர் தயங்காமல் கேட்கலாம்: ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் இருக்கிறதா? அந்தப் பக்கத்தை யார் திறந்து சரிபார்த்தார்? கோப்பு எந்தக் கருவிக்குள் போகிறது? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உரையாடல் கருவியில் ஒரு தாயின் பிரசவக் குறிப்பை ஏற்றுவது சரியல்ல. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாக வகைப்படுத்தியிருக்கிறது.

கோப்பு கேட்கும்போது "மருத்துவ அறிக்கை" என்று மட்டும் எழுதினால் இரண்டு பக்கச் சுருக்கம்தான் வரக்கூடும். தாதியர் குறிப்பு, மருந்து அட்டவணை, சிடிஜி தாள் எல்லாவற்றின் முழு நகலையும் பெயர் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். சிடிஜி தாளைச் சீக்கிரமே கேட்பது நல்லது. அது வெப்பத்தால் அச்சாகும் தாள். கடை ரசீதைப் போல நாளடைவில் மங்கிவிடும். மங்கிய கோட்டை மனிதராலும் படிக்க முடியாது, இயந்திரத்தாலும் படிக்க முடியாது.