வாரம் 12 மணி நேரம் உழைத்தால் பிள்ளைக்கு இலவச உணவு இல்லை!

இங்கிலாந்தின் பள்ளி மதிய உணவுத் திட்டம் உழைக்கும் ஏழைகளை வெளியே நிறுத்திய கதை

ஆண்டுக்கு 7,400 பவுண்டு. 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிழிக்கப்பட்ட கோடு இது. யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பத்தின் சம்பளம், வரிப் பிடித்தம் போக, இந்தத் தொகைக்குள் இருந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு இலவசம் என்பது அப்போது வந்த விதி. அதைத் தாண்டினால் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும். அல்லது வீட்டிலிருந்து டப்பாவில் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

அதன் பிறகு விலைவாசி ஏறியது, வாடகை ஏறியது, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியும் ஏறியது. கோடு மட்டும் நகரவில்லை. இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். 2018 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.83 பவுண்டு. அன்று வாரத்துக்குச் சுமார் 18 மணி நேரம் வேலை செய்கிற தாய் இந்த வரம்புக்குள் இருந்தார். 2025 ஏப்ரலில் கூலி 12.21 பவுண்டு ஆனது. அந்தக் கூலியில் வாரத்துக்கு 12 மணி நேரம் வேலை செய்தாலே வரம்பைத் தாண்டிவிடுவார். சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் ஆண்டுதோறும் புதிதாக எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். இங்கிலாந்தில் வறுமையில் வாடியும் இலவச உணவுக்குத் தகுதி பெறாத பிள்ளைகள் சுமார் 9 லட்சம் பேர் என்று குழந்தை வறுமை ஒழிப்பு அமைப்பான சி.பி.ஏ.ஜி. கணக்கிட்டுச் சொன்னது.

கூடுதல் சம்பளம், குறைந்த வருமானம்

பர்மிங்காமில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாய் மட்டுமே சம்பாதிக்கிறார். வாடகை வீடு. ஏழு வயதைத் தாண்டிய இரண்டு பிள்ளைகள். கடையில் கல்லாவில் வேலை. வரம்பின் விளிம்பில் நிற்கும் சம்பளம். மேலாளர் கூப்பிட்டு, “வாரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துப் பார்க்கிறீர்களா?” என்று கேட்கிறார். அவர் என்ன பதில் சொல்வார்?

பள்ளி உணவு இலவசமானால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 495 பவுண்டு மிச்சம் என்று அரசே சொல்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கு 990 பவுண்டு. அவர் சரி என்று தலையாட்டினால், வரம்பு விதியை அப்படியே பிடித்தால், அந்த 990 போய்விடும். அதைச் சம்பாதித்து ஈடுகட்டலாம் என்றால், கூடுதலாக வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவித்தொகையில் 55 பென்ஸ் பிடித்துக்கொள்வார்கள். கையில் நிற்பது 45 பென்ஸ்தான். ஆக, 990 பவுண்டை மீட்க அவர் 2,200 பவுண்டு அதிகம் சம்பாதிக்க வேண்டும். 2025-ன் குறைந்தபட்சக் கூலியில் அது ஆண்டுக்கு 180 மணி நேர உழைப்பு. அத்தனை மணி நேரம் உழைத்த பிறகுதான் பழைய நிலைக்கே வந்து சேருவார். “வேலைக்குப் போ, வறுமை தீரும்” என்று காலமெல்லாம் உபதேசிக்கும் அரசு, போகிறவரின் பிள்ளையின் தட்டைப் பிடுங்குவது எந்த வகை நியாயம்?

இன்னொரு முரண்பாடும் உண்டு. இந்த இழப்பைத் தவிர்க்க, 2018-க்குப் பிறகு ஒருமுறை தகுதி பெற்றுப் பதிவான பிள்ளைக்கு, பெற்றோரின் சம்பளம் கூடினாலும் சலுகை தொடரும் என்று இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதனால் பக்கத்துப் பக்கத்து வீட்டில், ஒரே சம்பளத்தில், ஒரு வீட்டுப் பிள்ளைக்கு இலவசச் சாப்பாடு, மற்ற வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. முந்திக்கொண்டு பதிவு செய்தவர் பிழைத்தார்.

பிராட்ஃபோர்டில் ஒரு தராசு

இந்த நாட்டுக்குப் பள்ளி உணவு புதிதல்ல. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, வந்த இளைஞர்களில் பலர் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த அதிர்ச்சியும் பிராட்ஃபோர்டு எம்.பி. ஃப்ரெட் ஜோவெட் போன்றவர்களின் போராட்டமும் சேர்ந்து 1906-ல் பள்ளி உணவுச் சட்டத்தைக் கொண்டுவந்தன. மறு ஆண்டு, பிராட்ஃபோர்டு பள்ளி மருத்துவர் ரால்ஃப் குரோலி ஏழைப் பிள்ளைகள் சுமார் 40 பேரைத் தேர்ந்தெடுத்தார். காலையில் ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி, பால். மதியம் சூடான சாப்பாடு. அவ்வப்போது எடை பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். எடை ஏறியது. இடையில் விட்சன் என்ற கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறை வந்து உணவு நின்றது, எடை இறங்கியது. பள்ளி திறந்ததும் மறுபடி ஏறியது. வாதப் பிரதிவாதங்களுக்கு அந்தத் தராசே பதில் சொல்லிவிட்டது.

1944 கல்விச் சட்டம் எல்லா உள்ளாட்சிகளும் பள்ளி உணவு தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 1980-ல் மார்கரெட் தாட்சர் அரசு அந்தக் கடமையை நீக்கியது. 1986-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. குறைந்த சம்பளத்தில் வேலை செய்து, அரசின் துணைத்தொகையும் வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் 1988 முதல் இலவச உணவு உரிமையை இழந்தார்கள். உழைக்கும் ஏழையை வரிசையிலிருந்து விலக்குவது அன்றே தொடங்கிவிட்டது. 2018 கோடு அந்தப் பழைய தவறின் புதிய பதிப்பு.

கொரோனா காலத்தில் இந்த விஷயத்தை நாடு முழுக்கப் பேசவைத்தவர் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு. 2020-ல் எம்.பி.க்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில், தன் அம்மா முழு நேரம் வேலை பார்த்தும் குறைந்தபட்சக் கூலியில் பிள்ளைகளை வளர்க்கப் பட்ட பாட்டைச் சொல்லியிருந்தார். விடுமுறைக் கால உணவு விஷயத்தில் அரசு இரண்டு முறை பின்வாங்கியது. 2021-ல் அரசு கேட்டு ஹென்றி டிம்பிள்பி தயாரித்த தேசிய உணவுத் திட்ட அறிக்கை, வரம்பை 20,000 பவுண்டாக உயர்த்தச் சொன்னது. அரசு உயர்த்தவில்லை.

ஈஸ்ட்ஹாம் காட்டிய வழி

லண்டனில் நம் மக்கள் திரளாக வாழும் ஈஸ்ட்ஹாம், நியூஹாம் கவுன்சிலுக்குள் வருகிறது. தோசைக்கடையும் புடவைக்கடையும் வரிசையாக நிற்கும் ஹை ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் தொடக்கப் பள்ளிகளில், சம்பளச் சீட்டைக் கேட்காமலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு போடுகிறார்கள். 2009-ல் அரசின் சோதனை முயற்சியாக நியூஹாமிலும் டர்ஹாமிலும் தொடங்கியது. அரசுப் பணம் நின்ற பிறகும் நியூஹாம் கவுன்சில் தன் செலவில் தொடர்ந்தது.

அந்தச் சோதனை சொன்ன பாடம் முக்கியமானது. எல்லோருக்கும் உணவு கொடுத்த இந்த இரண்டு இடங்களிலும் பிள்ளைகள் படிப்பில் மற்ற பகுதிப் பிள்ளைகளைவிட ஒன்றிரண்டு மாதம் முன்னே போனார்கள். அதே சோதனையில் வருமான வரம்பை மட்டும் தளர்த்திப் பார்த்த வோல்வர்ஹாம்ப்டனில் அப்படி முன்னேற்றம் தெரியவில்லை. எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடும்போது, இலவசம் வாங்குகிறவன் யார் என்ற கேள்வியே எழுவதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறியவருக்கு இது ஆச்சரியமே அல்ல. சத்துணவு வரிசையில் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்டதில்லை. பிரிட்டனிலும் இந்தப் பக்கம் காற்று வீசுகிறது. இங்கிலாந்தில் 2014-லிருந்து தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளில் எல்லோருக்கும் இலவசம். வேல்ஸ் 2024-ல் எல்லாத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. ஸ்காட்லாந்தில் ஐந்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் உண்டு. லண்டன் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு மேயர் சாதிக் கான் 2023 செப்டம்பர் முதல் பணம் ஒதுக்கினார்.

இன்னும் பாக்கி இருப்பது

2025 ஜூனில் பிரிட்டிஷ் அரசு ஒரு நல்ல முடிவை அறிவித்தது. 2026 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், பள்ளி உணவு இலவசம். 7,400 பவுண்டு கோடு அழிகிறது. 5 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் புதிதாகத் தகுதி பெறுகிறார்கள் என்பது அரசின் கணக்கு. மனதார வரவேற்க வேண்டிய முடிவு.

ஆனாலும் இரண்டு குறைகள் பாக்கி. உதவித்தொகைக்கே விண்ணப்பிக்காத ஏழைகளும், அதன் எல்லைக்குச் சற்று மேலே தத்தளிப்பவர்களும் வெளியேதான் நிற்கிறார்கள். தகுதி உள்ளவர்களும் தாமாகவே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. தகுதி இருந்தும் பத்தில் ஒரு பிள்ளை பதிவாகாமல் இருப்பதாக 2013-லேயே கல்வித்துறை ஆய்வு சொன்னது. ஆங்கிலம் சரளமாக வராதவர், இரவு ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவர், படிவத்தைப் பார்த்தாலே கூச்சப்படுகிறவர்: விடுபடுவது இவர்கள்தான். சம்பள விவரமும் உதவித்தொகை விவரமும் அரசின் கணினியிலேயே இருக்கும்போது, தகுதி உள்ள பிள்ளையின் பெயரை அரசே சேர்த்துக்கொள்ளலாமே! சில கவுன்சில்கள் அதைச் செய்தும் காட்டியிருக்கின்றன. நாடு முழுவதும் அதைச் சட்டமாக்க வேண்டும். அடுத்த படியாக, லண்டன் பிள்ளைகளுக்குக் கிடைப்பது லீட்ஸ் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் எல்லோருக்கும் சாப்பாடு இலவசமாக இருந்தாலும், தகுதி இருந்தால் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். வறுமையிலுள்ள பிள்ளைகளுக்காக அரசு தரும் கூடுதல் நிதி, 2025-26 நிதியாண்டில் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு 1,515 பவுண்டு, அந்தப் பதிவை வைத்துத்தான் பள்ளிக்குப் போகிறது. விண்ணப்பிப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நீங்கள் உழைத்து வாழும் நாட்டில் உங்கள் பிள்ளைக்குள்ள உரிமை அது.